சூப்பர்வைசர் என்கிற துரை

என் அத்தானை எங்கள் குடியிருப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'மேல்கீழ்' என்றுதான் சொல்வார்கள். லிப்ட் மெக்கானிக். வாழ்நாளில் பாதியை மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் நடுவில் கழித்த மனுஷனுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அவருக்கு அதில் கோபம் கிடையாது. கோபம் வந்தாலும் காட்டுகிற ஆள் இல்லை. அவரிடம் எனக்குப் பிடிக்காத விஷயமே அதுதான். கோபம் வந்தால் இரண்டு தட்டை உடைக்கிறவனோடு குடும்பம் நடத்திவிடலாம். வாயைத் தைத்துக்கொண்டு உட்காருகிறவனோடு என்ன செய்வது?

எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், போன காரியத்தை விட்டுவிட்டு அங்கே இருக்கிற லிப்டின் கதவில் முதலில் காது வைப்பார். நெஞ்சு வலிக்கிறது என்று ஒருமுறை டாக்டரிடம் அழைத்துப் போனேன். மனுஷன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே கதவில் காதை வைத்து, "லிப்ட் ஓடற தண்டவாளத்துக்கு எண்ணெய் காட்டி ரொம்ப நாளாச்சு மச்சான்" என்றார். டாக்டர் பார்த்துவிட்டு வெறும் வாயுத் தொல்லை என்று சொல்லி அனுப்பினார். வரும் வழியில் அத்தான் அந்தக் கட்டடத்துக் காவல்காரரைப் பிடித்துக்கொண்டு லிப்டைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். வீட்டில் அவர் அத்தனை வார்த்தை பேசி வருஷக்கணக்காகியிருந்தது.

வீடு என்றால், அவரும் என் அக்காவும். பிள்ளை இல்லை. அக்கா சீருடை தைக்கிற கம்பெனியில் துணி வெட்டுகிறாள். அடுக்கடுக்காகத் துணியைப் போட்டு மின்கத்தியை ஓட்டுகிற வேலை. ஒரு நூல் பிசகினால் அத்தனை சட்டைக்கும் கை கோணலாகிவிடும். பிசகாது. எதையும் வெட்டிவிட்டால் வெட்டியதுதான் என்பது அவளுக்குத் தொழிலில் வந்த குணமா, பிறவிக் குணமா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் நானும் என் மனைவியும் குடியிருக்கிறோம். அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்க அடிக்கடி வெளியூர் போகிற வேலை எனக்கு. ஊரில் இருக்கிற நாட்களில் இன்னொரு வேலை இருந்தது. "சம்பளம் இல்லாத தபால்காரர்" என்பாள் என் மனைவி. அக்கா சொல்வதை அத்தானிடம் சேர்ப்பது, அத்தான் சொல்வதை அக்காவிடம் சேர்ப்பது. ஒரே ஹாலில் இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நான் நிற்பேன். "உங்க அத்தான்கிட்ட கேளு, நாளைக்கு வெளிய சாப்பிடறாரான்னு." அத்தான் காதில் அது விழுந்திருக்கும். இருந்தாலும் நான் கேட்க வேண்டும். கேட்டால்தான் பதில்.

இந்தக் கூத்து ஆரம்பித்தது எங்கள் அம்மா இறந்த அன்று. அம்மா கடைசியில் அக்கா வீட்டில்தான் இருந்தாள். காலையில் உயிர் போயிற்று. அத்தான் அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பியிருந்தார். ஒரு ஆஸ்பத்திரியில் லிப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. உள்ளே ஸ்டிரெச்சரில் ஒரு நோயாளி, சுற்றி நாலைந்து பேர். மேலே இயந்திர அறையில் ஏறி, பிரேக்கைக் கையால் தளர்த்தித் தளர்த்தி, சாண் சாணாக இறக்க வேண்டிய வேலை. பாதியில் விட்டுவிட்டு வர முடியாது. நாங்கள் போன் செய்தோம், செய்தோம், எடுக்கவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு அம்மாவைக் கொண்டுபோய்விட்டோம். எல்லாம் முடிந்து நாங்கள் திரும்பி வந்தபோது அவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். முகத்தில் ரத்தமே இல்லை.

அக்கா அவரைப் பார்த்தாள். "வந்துட்டீங்களா? லிப்ட் சௌக்கியமா?" என்றாள்.

வாய் செத்த மனுஷன் அன்றைக்கும் பேசாமல் நின்றிருக்கலாம். பேசினார். மெதுவாகத்தான் சொன்னார். "செத்தவங்களுக்கு என்ன அவசரம்? உள்ள மாட்டிக்கிட்டவங்க உயிரோட இருந்தாங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் அவள் தம்பி, இறந்தவள் எனக்கும் அம்மாதான், இருந்தும் யோசித்துப் பார்த்தால் அவர் செய்தது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த வாசலில், அந்த நேரத்தில், அந்த வார்த்தை!  அக்கா உள்ளே போனாள். அன்றோடு அவரோடு பேச்சை நிறுத்தினாள். அவராவது போய் இரண்டு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "தப்பா என்ன சொன்னேன்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார், அவ்வளவுதான். பிடிவாதத்தில் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

பேச்சு இல்லையே தவிர, குடித்தனம் ஒழுங்காகவே நடந்தது. அதைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரு அடையாளம் உண்டானது. பால் வாங்கியாகிவிட்டதா? கூடை கவிழ்ந்திருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றியாகிவிட்டதா? வாளி கவிழ்ந்திருக்கும். அவர் சாப்பிட்டுவிட்டாரா? தட்டு கழுவிக் கவிழ்ந்திருக்கும். கவிழ்த்து வைத்தால் முடிந்தது என்று அர்த்தம். யார் இந்தப் பாஷையைக் கண்டுபிடித்தார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. இவ்வளவு மூளையைச் செலவழித்து ஒரு பாஷையை உண்டாக்குவதற்குப் பதிலாக, இருக்கிற பாஷையில் "சாப்டாச்சா" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எவ்வளவு மிச்சம்! எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். இந்த இரண்டு பேரும் நேருக்கு நேர் நின்று ஒரு வார்த்தை பேச வேண்டும். என் அம்மா செத்த நாளில் முடிந்துபோனது என்னவோ, அது திரும்ப ஆரம்பிக்க வேண்டும்.

மீன்தொட்டி வந்தது அதற்குச் சில வருஷம் கழித்து. அத்தான் பராமரிக்கிற ஒரு கட்டடத்தில் பல் டாக்டர் ஒருவர் இடம் மாறிப் போனார். காத்திருக்கிறவர்கள் பயத்தை மறக்க வைத்திருந்த தொட்டி அது. தூக்கிக்கொண்டு போக முடியாமல் அத்தானிடம் கொடுத்துவிட்டார். அத்தான் அதை எங்கள் லிப்டில் வைத்து, கண்ணாடிக்கு நாலு பக்கமும் போர்வை சுற்றி, நோயாளியை அழைத்து வருகிற மாதிரி கொண்டுவந்தார். ஹாலில் மேஜை போட்டு வைத்தார். அக்கா என்னைப் பார்த்து, "நாத்தம் வந்தா நான் பொறுப்பில்லைன்னு சொல்லிடு" என்றாள். சொன்னேன்.

தொட்டியில் நியான் மீன்கள் ஒரு கூட்டம் இருந்தன, அடியில் மணலைக் கிளறுகிற மீசைக்காரக் கெளுத்திக் குட்டிகள் சில, நத்தைகள், நடுவில் ஒரு ஜோடி குட்டிக் கௌராமி. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத மீன். ஆண் மீனுக்கு உடம்பெல்லாம் செம்பும் நீலமுமாகச் சாய்ந்த கோடுகள். பெண் வெறும் வெள்ளி. வயிற்றுக்குக் கீழே நூல் மாதிரி இரண்டு தொங்கும்; குருடன் கோல் ஊன்றுகிற மாதிரி அதால் எல்லாவற்றையும் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு போகும். இந்தச் சாதி மீனுக்குத் தண்ணீரில் இருக்கிற காற்று மட்டும் போதாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து, வாயை வெளியே நீட்டி, ஒரு மடக்குக் காற்றை வாங்கிக்கொண்டு கீழே போகும். அத்தான் மயங்கியது அதில்தான்.

"பாரு மச்சான், மேல வருது, வாங்கிட்டு கீழ போகுது. நம்ம சர்வீஸ்தான்."

தண்ணீருக்கு மேலே நிற்கிற காற்று குளிர்ந்தால் அதற்கு நெஞ்சில் நோவு வந்துவிடும் என்று மீன்கடைக்காரர் சொல்லியிருந்தார். அத்தான் பழைய லிப்ட் ஒன்றின் விளக்கு மூடியை அறுத்து, ஓரம் தேய்த்து, தொட்டிக்கு அளவாக ஒரு மூடி செய்தார். என் அக்காவுக்கு ஒரு மூக்குக்கண்ணாடி உறைகூடச் செய்து கொடுத்ததில்லை.

நாற்றம் வரவில்லை. அக்கா முதலில் கடந்து போகும்போது பார்த்தாள். பிறகு நின்று பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆண் மீன் தண்ணீரின் மேல்தளத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடை போடும். ஒரு நியான் குறுக்கே வந்தால் விரட்டும். "பெரிய துரைன்னு நெனப்பு" என்றாள் அக்கா. அதிலிருந்து அது துரை. அத்தானோ எல்லா மூலையையும் சரிபார்த்துவிட்டு வேலை மட்டும் செய்யாமல் இருக்கிற அந்த லட்சணத்தைப் பார்த்து, தன் கம்பெனியில் யாரையோ நினைத்துக்கொண்டு, சூப்பர்வைசர் என்று பெயர் வைத்தார். ஒரே மீன், ஒரே ஹால், இரண்டு பெயர். "துரை இன்னிக்கு சரியா சாப்பிடல" என்று அவள் என்னிடம் சொல்வாள். "சூப்பர்வைசர் ஏதோ யோசனையில இருக்காரு" என்று அவர் சொல்வார். இரண்டும் ஒன்று என்று தெரிந்த ஒரே ஆள் உலகத்திலேயே நான்தான்.

தீனிக்கும் அந்த வீட்டுப் பாஷையே வந்தது. தொட்டியின் மூடி மேல் தீனி டப்பா நிமிர்ந்திருந்தால் மீன்கள் பட்டினி. போட்டவர் கவிழ்த்து வைத்துவிடுவார். மறுநாள் விடிந்ததும் முதலில் எழுந்தவர் நிமிர்த்தி வைப்பார். ஒரு நாளும் இரண்டு தடவை போட்டதில்லை, ஒரு நாளும் பட்டினி போட்டதில்லை. தீனி அதிகமானால் தண்ணீர் கெட்டு மொத்தமும் செத்துவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்தியிருந்தார். இந்த இரண்டு ஊமைகளும் அதைத் தப்பாமல் நடத்தினார்கள்.

ஒருநாள் துரை கூடு கட்டியது. மிதக்கிற செடிக்கு அடியில், வாயால் குமிழ் குமிழாக ஊதி, நுரையை ஒட்டி ஒட்டி வைத்து, நடுவில் செடித்துணுக்கைச் சொருகி, ரொட்டித்துண்டு அளவுக்கு ஒரு வீடு. ஆனால் தொட்டித் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பில்டரிலிருந்து தண்ணீர் விழுகிற வேகத்தில் அது கரைந்து கரைந்து போயிற்று. அது திரும்பக் கட்டும், திரும்பக் கரையும். நானும் அன்று அங்கே உட்கார்ந்திருந்தேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தவள், என் பக்கம் திரும்பாமல், தொட்டியைப் பார்த்தே சொன்னாள்:

"அந்தத் தண்ணி விழற வேகத்த யாராச்சும் கொறைச்சா பாவம், அது கட்டி முடிச்சிரும்."

'உங்க அத்தான்கிட்ட சொல்லு' என்று சொல்லவில்லை.  அத்தான் எழுந்து போய்ப் பையைத் திறந்தார். பஞ்சுத்துண்டு ஒன்றை எடுத்துக் குழாய் வாயில் கட்டினார். தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கியது. அவரும் தொட்டியைப் பார்த்தே சொன்னார்:

"இனிமே கலங்காது. நெருப்பெட்டி வெளிச்சம்கூட கிட்ட காட்டாம இருந்தா நல்லது."

"யாரு காட்டப் போறா" என்றாள் அக்கா, தொட்டியிடம்.

நான் மாடிக்கு ஓடினேன். என் மனைவியிடம் நடந்ததை அப்படியே சொன்னேன். "மீன்கிட்டதானே பேசினாங்க?" என்றாள் அவள். பேசட்டுமே! மீன் வழியாகப் போனாலும் வார்த்தை போய்ச் சேருகிறதே. தபால்காரனுக்கு வேலை போனதில் அவ்வளவு சந்தோஷம் எனக்கு. அந்த மாதம் முழுக்க அப்படித்தான் நடந்தது. அவள் தொட்டியிடம் சொல்வாள், அவர் தொட்டியிடம் பதில் சொல்வார். குஞ்சு பொரிக்கவில்லை, முட்டையை மற்ற மீன்கள் தின்றுவிட்டன. அதற்கும் அக்கா தொட்டியைத் திட்டினாள், அத்தான் தொட்டியைச் சமாதானப்படுத்தினார்.

அப்புறம் அத்தான் ஒரு காரியம் செய்தார். கல்யாணமான நாளிலிருந்து அக்காவுக்கு அவராக எதையும் வாங்கி வந்ததில்லை என்பது அவள் பழைய குறை. வேலை முடிந்து வரும்போது மீன்கடையில் இன்னொரு பெண் கௌராமியை வாங்கிக்கொண்டு வந்தார். தண்ணீர் நிரப்பிய பையை அக்காவின் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அக்காவும் பேசவில்லை. ஆனால் சிரித்தாள். நான் பார்த்தேன். அம்மா போன பிறகு அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

புது மீனைக் கொஞ்ச நாள் தனிப் பாத்திரத்தில் வைத்திருந்து, நோய் இல்லை என்று தெரிந்த பிறகுதான் கூட்டத்தில் விட வேண்டும். அத்தானுக்கு அது தெரியும். அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்த மனுஷனுக்கு அந்த ஞாபகம் எங்கே இருக்கும்? பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, சூடு சமமானதும், வாயை அவிழ்த்து விட்டுவிட்டார்.

மறுநாள் நான் வெளியூர் கிளம்பினேன். பெரிய இயந்திரம் ஒன்று உட்கார்ந்துவிட்டது; திரும்பி வரப் பத்துப் பதினைந்து நாள் ஆயிற்று. இனி நடந்ததெல்லாம் நான் கண்ணால் பார்த்ததல்ல. பிறகு அவளிடமும் அவரிடமும் மீன்கடைக்காரரிடமும் கேட்டுச் சேர்த்தது.

சில நாளில் புது மீனின் மேல் பொன்தூள் தூவிய மாதிரி ஒரு படலம் வந்தது. அப்புறம் துரைக்கும் வந்தது. செதிலைக் கல்லில் உரசிக்கொண்டது, செட்டையை ஒடுக்கிக்கொண்டது, சாப்பாட்டைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா முதலில் பார்த்தாள். புது மீனோடு வந்த நோய் என்று பார்த்ததுமே புரிந்துவிட்டது. தொட்டியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கம்பெனியிலிருந்து வரும் வழியில் மீன்கடைக்குப் போய், "எங்க துரைக்கு உடம்பு சரியில்ல" என்று விவரம் சொல்லி, மருந்துப் புட்டி ஒன்று வாங்கி வந்தாள். நிறமில்லாத மருந்து, ஊற்றினால் தண்ணீரில் தெரியாது. அளவு தவறினால் விஷம். தினம் ஒரு மூடி, ஒரே வேளை மட்டும் என்று கடைக்காரர் அழுத்திச் சொன்னார். காலையில் அத்தான் வேலைக்குப் போன பிறகு ஊற்றிவிட்டு, புட்டியைச் சோப்புத்தூள் டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

அத்தானும் பார்த்தார். தன்னால் வந்த வினை என்று அவருக்கும் புரிந்தது. வாங்கி வந்து கொடுத்த ஒரே ஒரு பொருள், அதுவும் இப்படி. அவள் கண்ணில் படுவதற்குள் சரி செய்துவிட வேண்டும் என்று அதே கடைக்குப் போனார். "நம்ம சூப்பர்வைசருக்கு மேலெல்லாம் பொன்னா பூத்திருக்கு" என்றார். கடைக்காரர் அதே மருந்தைக் கொடுத்தார், அதே அளவைச் சொன்னார். "இப்பத்தான் ஒரு அம்மாவும் இதே நோய்க்கு வாங்கிட்டுப் போனாங்க. அவங்க வீட்லயும் கௌராமிதான். எங்கிட்ட வந்த சரக்குலயே கோளாறு போல, மன்னிச்சுக்குங்க" என்றாராம். அத்தான் அந்த அம்மாவுக்காக வருத்தப்பட்டாராம்! சாயங்காலம் அக்கா அடுப்படியில் இருக்கும்போது ஒரு மூடி ஊற்றிவிட்டு, புட்டியைக் கருவிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

தீனிக்கு டப்பா இருந்தது, கவிழ்த்து வைக்க. மருந்துக்கு என்ன இருந்தது?

முதலில் நத்தைகள் ஓட்டுக்குள் சுருண்டன. அடுத்துக் கெளுத்திகள் புரண்டன. காலையில் செத்துக்கிடந்ததை அக்கா தேநீர் வடிகட்டியால் எடுத்து, பால்கனிப் பூந்தொட்டியில் புதைத்தாள். சாயங்காலம் செத்துக்கிடந்ததை அத்தான் காகிதத்தில் சுருட்டிக் கீழே கொண்டுபோய் மரத்தடியில் புதைத்தார். செத்ததில் பாதிதான் அவளுக்குத் தெரியும்; மீதி அவருக்கு. காணாததெல்லாம் செடிக்குள் ஒளிந்திருப்பதாக இரண்டு பேரும் நம்பிக்கொண்டார்கள். நோய் முற்றுகிறது என்று பயந்து அவள் மூடி வழிய வழிய ஊற்றினாள். நோய் முற்றுகிறது என்று பயந்து அவர் ஒன்றரை மூடி ஊற்றினார். தீனி டப்பா மட்டும் ஒழுங்காக நிமிர்ந்தது, ஒழுங்காகக் கவிழ்ந்தது.

நான் ஊர் திரும்பிய காலை, பெட்டியோடு நேராக அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாடிக்குப் போய்விட்டு வரலாம் என்று தோன்றவே இல்லை. அந்த இரண்டு பேரும் தொட்டி வழியாக எவ்வளவு தூரம் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை. கதவு திறந்திருந்தது. தொட்டியில் விளக்கு எரிந்தது, பில்டர் ஓடியது, செடி பச்சையாக இருந்தது. மீனைக் காணோம். குனிந்து பார்த்தேன். கூடு கட்டியிருந்த அதே மூலையில், மிதக்கிற செடிக்கு அடியில், துரை பக்கவாட்டில் கிடந்தது. கோடுகள் சாம்பலாகியிருந்தன. வாய் தண்ணீருக்கு வெளியே இருந்தது.

அடுப்படியில் அக்கா சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். "மத்ததெல்லாம் எடுத்துட்டேன்டா. அத எடுக்க மட்டும் கை வரல" என்றாள். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னாள், புட்டியையும் எடுத்துக் காட்டினாள். "சொன்ன அளவுதான் ஊத்தினேன். கடைசியிலதான் கொஞ்சம் கூட. அதுக்குப் போய் இப்படி ஆகுமா?"

"மருந்து ஊத்தினது அத்தானுக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொல்லிடாத."

புட்டியைக் கையில் வைத்துக்கொண்டே ஹாலுக்கு வந்தேன். அத்தான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தொட்டிப் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்து பைக்குள் எதையோ தேடினார். லிப்ட் கதவைத் திறக்கிற சாவி. அது கிடைக்காமல் உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். திருப்புளி, எண்ணெய்க் குப்பி, துணி, அப்புறம் ஒரு புட்டி. நான் என் கையில் இருந்ததைப் பார்த்தேன். தரையில் இருந்ததைப் பார்த்தேன். அதே மூடி, மேலே ஒட்டிய அதே சீட்டு.

"இது என்ன அத்தான்?"

அவர் பதறி அதைத் துணிக்குள் மறைக்கப் பார்த்தார். நான் பிடுங்கி, இரண்டு புட்டியையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.  பில்டர் சத்தம்கூட இல்லை. அதைத்தான் அவர் பஞ்சு வைத்து அடக்கிவிட்டாரே.

"மச்சான்," என்றார் அத்தான் கடைசியில். "உங்கக்கா எவ்வளவு ஊத்தினான்னு கேளு."

"அவரு எவ்வளவு ஊத்தினாருன்னு மொதல்ல நீ கேளு" என்றாள் அக்கா.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "நான் கேக்க மாட்டேன்! ரெண்டு பேரும் மனுஷங்கதானா? ஒரு பக்கம் இவ, இன்னொரு பக்கம் நீங்க. வாயத் தொறந்து 'மருந்து ஊத்திட்டேன்'னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்! அதச் சொல்லியிருந்தா எல்லாம் உயிரோட இருக்கும். வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?"

அக்கா என்னைப் பார்த்தாள்.  "அவரு ஆசையா வாங்கிட்டு வந்தாருடா. அதால வந்த நோவுன்னு சொன்னா, குத்திக் காட்டற மாதிரி ஆயிடும். அவரு மனசு கஷ்டப்படும். அதான் நானே பாத்துக்கலாம்னு..."

அத்தான் எழுந்து நின்றார். அந்த முகத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மா செத்த அன்று வாசலில் நின்றபோதுகூட அப்படி இல்லை. இத்தனை வருஷம் கழித்து அவள் தன் மனசை நினைத்திருக்கிறாள் என்று தெரிந்த மனுஷனின் முகம். அவர் அவளை நோக்கி ஓர் அடி வைத்தார். வாயைத் திறந்தார். நான் என் கண்ணால் பார்த்தேன், திறந்தார்.

போன் அடித்தது.

அவர் எடுக்காமல் இருக்கலாம். முப்பது வருஷப் பழக்கம், கை தானாக எடுத்துவிட்டது. கேட்டார். "எத்தன பேர் உள்ள? ... கதவை நெம்ப வேணாம்னு சொல்லுங்க. வந்துட்டேன்." வைத்தார். பிறகு நேராக அக்காவைப் பார்த்தார். தொட்டியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை.

"நீ அதத் தொடாத," என்றார். அவ்வளவு மென்மையாக அவர் பேசி நான் கேட்டதில்லை. "நான் சீக்கிரம் வந்துடறேன். ரெண்டு பேரும் சேந்து எடுக்கலாம். அதுவரைக்கும் கொஞ்சம் இரு."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். கையில் பை, விரல் இடுக்கில் கிரீஸ். அவள் முகத்தில் வந்திருந்த இளக்கம் மெல்ல மெல்ல இறங்கிப் போவதை நான் பார்த்தேன். ஆனாலும் பதில் சொன்னாள். அவருக்கே சொன்னாள், அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"போயிட்டு மெதுவாவே வாங்க. செத்ததுக்கு என்ன அவசரம்? உள்ள மாட்டிக்கிட்டவங்க உயிரோட இருப்பாங்க."

அத்தான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். லிப்ட் கீழே இறங்குகிற சத்தம் கேட்டது. எந்த லிப்ட் கதவிலும் காது வைத்துக் கேட்கிற மனுஷன், அன்று அதையும் கேட்டிருக்க மாட்டார்.

நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று இத்தனை வருஷம் ஏங்கினேனே, பேசிவிட்டார்கள். நான் மேஜை மேல் இருந்த இரண்டு புட்டியையும் எடுத்துக் குப்பையில் போட்டேன். அக்கா வடிகட்டியைக் கொண்டுவந்தாள். அவர் வரும்வரை காத்திருக்கவில்லை. துரையை எடுத்துக் கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள், பால்கனிக்குப் போய்ப் புதைத்துவிட்டு வந்தாள். மூடியைச் சரியாகப் பொருத்தினாள். காலையில் யாரோ வழக்கம்போல நிமிர்த்தி வைத்திருந்த தீனி டப்பா அதன் மேல் இருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.